இ-ஃபைலிங் வந்த பிறகும் காகிதக் கட்டு எதற்கு? கோர்ட் எதிரே கடை வைத்திருப்பவளின் பதில்கள்

2024 ஆகஸ்ட் 10. பென்னாகரம் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி

"சித்தப்பாவுடன் வண்டித்தட வழக்கு. ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்று வக்கீல் ஸ்கேன் செலவு வாங்கினார். அப்புறம் அதே கட்டை ஜெராக்ஸ் போட்டு கோர்ட்டிலும் கொடுத்தார், அதற்கும் நான்தான் பணம் கொடுத்தேன். இ-ஃபைலிங் என்பது வக்கீலுக்கு இரண்டாவது வேலை, கட்சிக்காரனுக்கு இரண்டாவது செலவு. சிவில் கேஸுக்குப் பழைய முறையே போதும். மறுப்பவர்கள் மறுக்கலாம்."

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு காலை

நான் மறுக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கோர்ட்டுக்கு எதிரே 17 வருடமாக டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வழக்குரை, பதிலுரை, இடைக்கால மனு, வக்காலத்து என்று எல்லாம் என் கையால் டைப் ஆகிப் போயிருக்கின்றன. இப்போது குமாஸ்தா பக்கத்தில் உட்கார, ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுவதும் இங்கேதான். அதனால் இரண்டாவது செலவு என்று நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகத் தெரியும் தம்பி, அதில் ஒரு பங்கு என் கல்லாவுக்குத்தான் வருகிறது. அது நியாயம் இல்லை என்பதில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். பழைய முறை போதும் என்பதில்தான் சேர முடியாது.

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவருக்கு அண்ணனோடு பாகப் பிரச்சினை. இ-ஃபைலிங் பேச்சே இல்லாத காலம். வழக்குரையை என் கடையில்தான் டைப் செய்தோம், ஃபைல் ஆனது. மாதம் ஒரு தரம் பஸ் பிடித்து வருவார். "எப்பம்மா வாய்தா?" குமாஸ்தாவைக் கேட்டால் இன்னும் நம்பர் ஆகவில்லை என்பார். இப்படியே எட்டு மாதம். கடைசியில் ஒரு ஜூனியர் வக்கீல் ஆபீஸ் அலமாரியைக் கிளறியபோதுதான் தெரிந்தது, ஃபைல் செய்த இரண்டாவது வாரமே வழக்குரை ரிட்டர்ன் ஆகியிருக்கிறது. தபசிலில், அதாவது சொத்து விவரத்தில், போட்ட சர்வே நம்பரின் உட்பிரிவு பட்டாவோடு ஒத்துப்போகவில்லை என்று பின்பக்கம் ஒரே வரி. திருத்திக் கொடுக்க அரை மணி நேரம் போதும். அந்த வருட மாங்காய்க் குத்தகைப் பணம் முழுவதையும் அதற்குள் அண்ணன் வாங்கிச் செலவும் செய்துவிட்டார்.

ரிட்டர்ன் போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்பது யாருக்கு அவசரமோ அந்த மனிதருக்கு மட்டும் தெரியாமல் போனது, அதைத்தான் சொல்கிறேன். கோர்ட்டின் இ-ஃபைலிங் போர்ட்டலில் ஏற்றினால் என்றைக்கு ஏற்றினோம், என்றைக்குத் திருப்பினார்கள், என்ன குறை என்று தேதியோடு நிற்கிறது. யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

அன்று இரவு

இரண்டு பேர் ரிட்டர்ன் என்பதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் வேறு. வழக்குரை கொடுத்ததும் கோர்ட் அலுவலகத்தின் செக்‌ஷனில் சரிபார்ப்பார்கள். கோர்ட் ஃபீ சரியா, வக்காலத்தில் ஸ்டாம்பு இருக்கிறதா, ஆவணப் பட்டியல் இருக்கிறதா, தபசிலில் செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) இருக்கிறதா என்று. குறை இருந்தால் இத்தனை நாளுக்குள் சரிசெய்து கொடு என்று திருப்புவதுதான் ரிட்டர்ன். சரிசெய்து மறுபடி கொடுத்தால் நம்பர் ஆகும், அசல் வழக்கு எண் கிடைக்கும். சொன்ன நாள் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக மனு போட வேண்டும், எதற்குத் தாமதம் என்று பிரமாண வாக்குமூலம் வேறு. மாந்தோப்புக்காரருக்கும் அப்படித்தான் போட்டோம். அதை டைப் செய்யும்போது எனக்குக் கை வரவில்லை, ஏனென்றால் தாமதம் அவருடையது இல்லை. காரணம் என்று எழுதிய பத்தியில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று போட்டிருந்தது.

வழக்குரையைக் கோர்ட் தானே தள்ளுவது சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 7, விதி 11. அதற்குக் காரணங்களே வேறு.

2024 ஆகஸ்ட் 15, வியாழன்

இன்று லீவு, கடை இல்லை. ஒருவர் கேட்டிருந்தார்: "எல்லாம் ஸ்கேன்தான் என்றால் ஒரிஜினல் பத்திரத்தை ஏன் கோர்ட் கேட்கிறது?" இதற்கு எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

பர்கூர் பக்கம் எங்கள் பூர்வீக நிலம். 1971 இல் தாத்தாவும் அவர் தம்பியும் பாகப்பிரிவினை எழுதிக்கொண்டார்கள். கிணறு பொது, முறைத் தண்ணீர் வாரத்துக்கு இத்தனை நாள் என்று அதில் இருக்கிறது. கிணற்றுத் தகராறு வந்தபோது, 2006 இல், அப்பா அந்த ஒரிஜினலைக் கோர்ட்டில் கொடுத்தார். வாதி தரப்பின் முதல் சான்றாவணமாக ஏ1 என்று குறியீடு ஆனது. வழக்கு 2013 இல் எங்கள் பக்கம் முடிந்தது, மேல்முறையீடு வரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம், பத்திரத்தை யாரும் நினைக்கவில்லை. ஆவணத்தைத் திருப்பிக் கேட்டு மனு போட வேண்டும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, அப்போது எனக்கும் தெரியாது.

2019 இல் கிணற்றை ஆழப்படுத்தக் கடனுக்குப் போனோம். மூலப் பத்திரம் கேட்டார்கள். மனு போட்டு, ரெக்கார்டு ரூமில் தேடி, கிடைக்கவில்லை, மறுபடி தேடி, நான்காவது தடவை வேறொரு வழக்கின் கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்ததை எடுத்தார்கள். எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள், அங்கே தேடிக் கொடுத்தவரும் தூசியில் இருமிக்கொண்டே தேடிய நல்ல மனிதர்தான். பத்திரம் கைக்கு வந்ததும் அப்பா கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். தாத்தாவுக்குக் கையெழுத்து வராது, இடது பெருவிரல் ரேகைதான். ஊதா மை பழுப்பாகி இருந்தது. டேக் கயிறு கோக்க ஊசியால் குத்திய ஓட்டை சரியாக அந்த ரேகையின் நடுவில். குத்திய இடத்தில் காகிதம் கிழிந்து, கயிறு இழுத்து இழுத்து ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு விரிந்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓட்டையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே பஸ்ஸில் வந்தார்.

அதனால் என் பதில்: வழக்கோடு முதலில் நகல் கொடுத்தால் நடைமுறையில் போதும். ஒரிஜினலை எழுவினா வனைவதற்கு (எந்தெந்த விஷயத்தில் தகராறு என்று கோர்ட் வகுப்பதற்கு) முன்போ அன்றோ காட்ட வேண்டும் என்பது ஆர்டர் 13, விதி 1. எதிர்த்தரப்பு மறுக்கிற ஆவணம் என்றால் மை, ரேகை, ஸ்டாம்புத் தாள் எல்லாவற்றையும் நேரில் பார்க்காமல் நீதிபதி எப்படி முடிவு செய்வார்? அது நியாயம்தான். ஆனால் காட்டியபின் அது காலமெல்லாம் கட்டிலேயே கிடக்க வேண்டியது இல்லை. அதே ஆர்டர் 13 இல் 9 ஆம் விதியின்படி, வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் போனபின் திருப்பி வாங்கலாம். அதற்கு முன்பேகூட, சான்றிட்ட நகலை வைத்துவிட்டு, கேட்கும்போது ஒரிஜினலைக் கொண்டுவருகிறேன் என்று எழுதிக்கொடுத்து வாங்க வழி இருக்கிறது. நல்ல ஸ்கேன் கோர்ட் கணக்கில் நின்றுவிட்டால் இந்த வழி இன்னும் சுலபமாக வேண்டும். அந்த ஊசி ஓட்டைக்குப் பிறகுதான் ஸ்கேன் என்பதை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

நல்ல ஸ்கேன் என்று எழுதிவிட்டேன், எது நல்ல ஸ்கேன் என்று சொல்லவில்லை.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தக்காளி வியாபாரி வேறு எங்கோ ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஐ பென்டிரைவில் கொண்டுவந்தார், ஏற்றிக்கொடுங்கள் என்று. அவருடையதும் தட வழக்குதான். நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படத்தின் நகலைத் திறந்து பார்த்தால் தடமே இல்லை! காகிதத்தில் பார்த்தேன், சர்வேயர் தடத்தைப் புள்ளிக்கோடாகப் போட்டிருக்கிறார், மெல்லிய கோடு, மை மங்கியிருக்கிறது. கறுப்பு வெள்ளையில் வேகமாக ஸ்கேன் செய்ததில் மங்கின கோடு எல்லாம் வெள்ளைக்குப் போய்விட்டது. எந்தத் தடத்துக்காக வழக்கோ அந்தத் தடம் படத்தில் இல்லை. அப்படியே ஏறியிருந்தால்? எதிர்த்தரப்பு வக்கீல் திரையைக் காட்டி, பாருங்கள் தடமே இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

நான் செய்வது இது. புலப்படம், பழைய பத்திரம், ரேகை, முத்திரை உள்ள பக்கங்கள் எல்லாம் 300 டி.பி.ஐ., கலர் அல்லது கிரே. டைப் செய்த பக்கங்களுக்கு கறுப்பு வெள்ளை போதும், சைஸும் குறையும். பழைய ஸ்டாம்புத் தாளை ஃபீடரில் விடவே கூடாது, மடிப்பில் கிழியும், கண்ணாடி மேல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பின்பக்கம் காலி என்று விட்டுவிடாதீர்கள், ஸ்டாம்பு வெண்டர் முத்திரையும் பெயரும் பல பத்திரங்களில் அங்கேதான். முடிந்ததும் கட்சிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொரு பக்கமாகத் திரையில் காட்டுகிறேன். படிக்கத் தெரியாதவர்கள்கூட தங்கள் பத்திரத்தில் எந்தப் பக்கம் விட்டுப்போனது என்று சரியாகச் சொல்வார்கள்.

2024 ஆகஸ்ட் 22

எழுத்துரு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் என் பங்கும் இருக்கிறது. எங்கள் பக்கத்து டைப்பிங் எல்லாம் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் பல வருடம் ஓடியது. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. அதைப் பி.டி.எஃப். ஆக்கி "செக்குபந்தி" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. 2010 இலேயே தமிழ்நாடு அரசு, உள்ளேயும் தமிழாகவே நிற்கும் யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டது. நான் முழுதாக மாறியது 2021 இல். 200 பக்க சாட்சியத்தில் ஒரு சர்வே நம்பரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தால் வாதம் நடக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சம்! அதைக் கெடுத்தது கம்ப்யூட்டர் இல்லாமை இல்லை, என்னைப் போன்றவர்கள் பழகின விசைப்பலகையை விடாததுதான்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பழைய பத்திரங்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் வரும். அவற்றுக்கு மொழிபெயர்ப்பும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, பக்க எண் ஒத்துப்போகும்படி.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

பென்னாகரம் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "அப்படியென்றால் எல்லோருக்கும் கட்டாயம் ஆக்கிவிடலாமா?" ஆமாம் என்றுதான் போன வாரம் வரை சொல்லியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அஞ்செட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பேத்தியோடு, மஞ்சள் பையில் பத்திரம். வக்கீல் வைக்க வசதி இல்லை, தானே மனு கொடுக்க வேண்டும். ஆதாருக்கு ஓ.டி.பி. போனது. போன் யாரிடம்? மகனிடம். மகன் எங்கே? பெங்களூருவில் கட்டட வேலை, மதியம் வரை போன் எடுக்கவில்லை. எடுத்துச் சொல்வதற்குள் ஓ.டி.பி. காலாவதி. மூன்று தடவை. அந்த அம்மா வீட்டுக்குப் போகும் கடைசி பஸ் நேரம் வேறு. காகிதத்தில் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் தேதி முத்திரை வாங்கியிருப்பார்.

காலவரையறை உள்ள வழக்குகளில் இது உயிர் போகிற விஷயம். உரிமை என்னுடையது என்று கோர்ட் அறிவிக்கும் விளம்புகை கேட்க 3 வருடம், உரிமையை வைத்துச் சுவாதீனம் (நிலத்தைக் கையில் ஒப்படைக்க) கேட்க 12 வருடம். கடைசி வாரத்தில் வருபவர்களும் உண்டு, கொரோனா நேரத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கணக்கிலிருந்து விலக்கி உச்ச நீதிமன்றம் ஆணை போட்டதால் தப்பியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அப்படியொரு கை எப்போதும் நீளாது. ஆகவே என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன்: வக்கீல் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம் ஆகட்டும். தானே வருபவர்களிடம் காகிதத்தை வாங்கி கோர்ட்டே ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். இ-சேவை மையம் என்று கோர்ட்டுகளில் வைப்பது இதற்காகத்தானே. அங்கே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

என் கடைக்கு 30 வருடமாக கோர்ட் வேலை பார்க்கும் குமாஸ்தா அண்ணன் ஒருவர் வருவார். இங்கே எழுதியதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். மாந்தோப்பு விஷயத்தில் அவருக்குக் கோபம். "எல்லாத்துக்கும் குமாஸ்தா தலைதானாம்மா? செக்‌ஷன்ல முதல்ல ஒரு குறை சொல்வாங்க. சரிபண்ணிக் குடுத்தா அடுத்த தடவை வேற குறை. மொத்தத்தையும் முதல் தடவையே எழுதச் சொல்லு, நான் ஓடிக்கிட்டே இருக்க மாட்டேன்."

அவர் சொல்வது உண்மை. மூன்று முறை திரும்பிய வழக்குரையை நானே டைப் செய்திருக்கிறேன், முதலில் கோர்ட் ஃபீ, அப்புறம் ஆவணப் பட்டியலில் தேதி, அப்புறம் பிரதிவாதியின் தகப்பனார் பெயர். மூன்றும் முதல் நாளே கண்ணில் படக்கூடியவை. ஆக 11 ஆம் தேதி எழுதியதில் பாதிப் பழியை அந்த அலமாரி மேல் போட்டதை எடுத்துக்கொள்கிறேன். அண்ணனிடமும் நேரில் சொல்லிவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

இவர் இன்று 58 வயதில் ஒரு விரலால் தட்டிப் போர்ட்டலில் ஏற்றக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதல் தடவை சி.என்.ஆர். எண் 16 எழுத்தும் வந்ததும் அதைத் தன் டைரியில் பேனாவால் எழுதிக்கொண்டு, "வழக்குக்கு ஆதார் நம்பர் வந்திருச்சு" என்று சிரித்தார். அவ்வளவு சரியாக நான்கூட யாருக்கும் விளக்கியதில்லை.

2024 செப்டம்பர் 3

வாட்ஸ்அப் படத்தை அப்படியே ஏற்றலாமா என்று கேட்டவருக்கு: ஏற்றுவது வேறு, சான்றாக நிற்பது வேறு. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இப்போது பிரிவு 63. மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்) குறிக்க வேண்டும். வரப்பை வெட்டும் வீடியோவை எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள், அழித்துவிடாதீர்கள். வக்கீலிடம் போனோடு போங்கள்.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று சதுர்த்தி, வீட்டில் கொழுக்கட்டை வேலை, அதனால் பதில் தாமதம்.

"பணம் எங்கே இருக்கிறது இதற்கெல்லாம்" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. இ-கோர்ட்ஸ் திட்டம் 2007 இல் தொடங்கியது. மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் பழைய பதிவுகளை ஸ்கேன் செய்து பாதுகாப்பதற்கு மட்டும் 2,038 கோடிக்கு மேல். எங்கள் தாத்தா ரேகை கிடந்த மாதிரி ரெக்கார்டு ரூம்களுக்குத்தான் அந்தப் பணம்.

பணத்தால் ஆகாததும் ஒன்று இருக்கிறது. போர்ட்டலில் கணக்கு வக்கீல் பெயரில் இருக்கிறது, குறை என்று செய்தி வந்தால் அவருக்கு வருகிறது. நான் முதல் நாள் யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது என்று பெருமையாக எழுதினேன். இப்போது யோசித்தால், பார்க்க ஒருவருக்கு மட்டும் வழி இருந்தால் அதுவும் ஒரு பைதான். வழக்குரையில் கட்சிக்காரர் போன் நம்பரும் போடுகிறோம். திருப்பிய அன்றே அந்த நம்பருக்கும் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகட்டும்: உங்கள் வழக்குரை இன்ன குறைக்காகத் திரும்பியிருக்கிறது, இன்ன தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. மாந்தோப்புக்காரருக்கு அந்த ஒரு வரி வந்திருந்தால் மறுநாள் காலையில் வக்கீல் வாசலில் நின்றிருப்பார்.

இரண்டாவது, ஆன்லைனில் ஏற்றுக்கொண்ட பக்கத்தை மறுபடி காகிதத்தில் கேட்காதிருப்பது. கேட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் அச்சடித்ததை வாங்கட்டும். உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்துத் தரச் சொல்லியது. என் கல்லாவில் குறையும், குறையட்டும். அதே பக்கத்துக்கு ஒரு விவசாயி இரண்டு தரம் பணம் எண்ணி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கோர்ட் ஃபீயையும் இதோடு குழப்புகிறார்கள். போர்ட்டலில் ஏற்றுவதற்கென்று தனி ஃபீ இல்லை. கோர்ட் ஃபீ வழக்கின் மதிப்பைப் பொறுத்தது, தமிழ்நாட்டில் அதுவும் 2017 இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தது.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

பென்னாகரம் தம்பியின் வழக்கு நம்பர் ஆகிவிட்டதாம். இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். எண் போட்டு வாய்தா தேதியைத் தானே பார்த்ததாக எழுதியிருக்கிறார். செலவைப் பற்றிய கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

ஒரிஜினலை எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்து, கவருக்கு வெளியே உள்ள பட்டியில் ஓட்டை போட்டு டேக் கட்டச் சொல்லுங்கள், ஸ்டேஷனரி கடையில் 11 ஓட்டை போட்ட கவர் கிடைக்கும். பக்க எண் பென்சிலில், ஓரத்தில், எழுத்து இல்லாத இடத்தில். ஸ்டேப்ளர் வேண்டாம், துரு ஏறும். கொடுப்பதற்கு முன் ரேகை, கையெழுத்து உள்ள பக்கங்களைக் கலரில் ஸ்கேன் எடுத்து உங்கள் மெயிலுக்கே ஒன்று அனுப்பிக்கொள்ளுங்கள். கொடுத்த தேதியையும் ஏ1, ஏ2 என்று என்ன குறியீடு ஆனது என்பதையும் காலண்டரில் எழுதி வையுங்கள். தீர்ப்பு வந்து மேல்முறையீட்டு நாள் தாண்டிய மறுநாளே திருப்பிக் கேட்டு மனு போடுங்கள். அந்த மனுவின் மாதிரி என்னிடம் யூனிகோடில் இருக்கிறது, கடைக்கு வந்தால் பணம் வேண்டாம், அடித்துத் தருகிறேன்.